திருநகரிலிருந்து கப்பலூருக்கு, புனே வழியாக: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வேலையை விட்டு வீட்டில் இருந்த ஒரு பெண், வேலை, தொழில் தொடர்புக்கான லிங்க்ட்இன் தளம் வழியாக மறுபடி வேலை தேடிய கதை இது. அவருக்கு அப்போது வயது 32. மதுரை திருநகரில் வீடு. பி.எஸ்சி. வேதியியல் முடித்தவர். வாகனங்களுக்கு ரப்பர் பாகங்கள் செய்கிற ஒரு யூனிட்டில் 6 ஆண்டுகள் லேபில் வேலை பார்த்தார். மிக்சிங்கிலிருந்து வருகிற ஒவ்வொரு பேட்ச் காம்பவுண்டிலும் (கெமிக்கல் கலந்த ரப்பர்) ஒரு துண்டு வெட்டி ரியோமீட்டரில் (சூட்டில் ரப்பர் எப்படி இறுகுகிறது என்று காட்டும் மெஷின்) வைத்து வளைகோடு எடுப்பது, ஷோர் ஹார்ட்னெஸ் (கடினத்தன்மை) பார்ப்பது, இழுத்துப் பார்ப்பது, எண்ணெயில் ஊறவைத்து எடை எவ்வளவு ஏறியது என்று பார்ப்பது, எல்லாவற்றையும் ரிஜிஸ்டரில் ஏற்றுவது. பேட்ச் பாஸா ஃபெயிலா என்று கையெழுத்துப் போட்ட ஆள் அவர்.

2020 பிப்ரவரியில், கர்ப்ப காலத்தில், படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரே ஒரு போன் காலோடு வேலையை விட்டார். அடுத்த மாதம் ஊரடங்கு வந்தது. ரிஜிஸ்டரை ஒப்படைக்கக்கூட அவர் திரும்பிப் போகவில்லை. இந்த விவரம் கடைசியில் மறுபடி வரும்.

நான் வாகன உதிரிபாகத் துறையில் 11 ஆண்டுகள் எச்.ஆர். வேலை பார்த்தவள். இப்போது வேலையில் இல்லை. சனிக்கிழமைகளில் வேலை தேடுகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்லித் தருகிறேன். 2023 நவம்பரில் புது நத்தம் ரோட்டில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் அவரை முதலில் பார்த்தேன். நூலகம் திறந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. மேசை எல்லாம் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள். ஒரு ஓரமாக உட்கார்ந்து பேசினோம். பையனை அந்த வருஷம்தான் எல்.கே.ஜி.யில் சேர்த்திருந்தார். "காலையில ஒம்பதுக்கு விட்டா மூணு மணி வரைக்கும் வீடு சும்மா கெடக்குதுக்கா" என்றார்.

இதை அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். எந்த நிறுவனத்தின் பெயரும் இதில் இல்லை.

முதலில் கவனித்தவை

ஆள் வேண்டும் என்று ஒரு சின்ன ரப்பர் யூனிட் விளம்பரம் கொடுப்பது அபூர்வம். "நல்ல ஆள் இருந்தா சொல்லுங்க" என்று முதலாளி ரெண்டு பேரிடம் சொல்வார். ஒரு வாரத்தில் ஆள் வந்துவிடும். அந்த ரெண்டு பேரில் ஒருவருக்கு நம்மைத் தெரிந்திருக்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் மூன்றே முக்கால் வருஷம் வீட்டில் இருந்தவரைப் பற்றி யாரும் யாரிடமும் சொல்லப் போவதில்லை.

வேலை வாய்ப்புத் தளங்களில் ரெஸ்யூம் போட்டு வைத்திருந்தார். வந்ததெல்லாம் கால் சென்டர், இன்சூரன்ஸ் அழைப்புகள். தெரிந்தவர்களிடம் கேட்டீர்களா என்றேன். முகம் மாறிவிட்டது. "சிபாரிசுக்குன்னு யார் வாசல்லயும் போயி நிக்க மாட்டேன்." எனக்கு அது பிடித்தது, அதே நேரம் சிக்கலாகவும் பட்டது. தெரிந்த ஒருவரிடம் பேசுவது என்றாலே அவருக்கு அது சிபாரிசுதான்.

லிங்க்ட்இன்னில் கணக்கு இருந்தது. தம்பி தொடங்கிக் கொடுத்தது. பெயருக்குக் கீழே வருகிற வரியில் "இல்லத்தரசி, வேலை தேடுகிறேன்" என்று ஆங்கிலத்தில் இருந்தது. படம் இல்லை. 14 இணைப்புகள், அதில் 9 பேர் சொந்தக்காரர்கள்.

முதல் முடிவும், அது சறுக்கியதும்

பெயருக்குக் கீழே உள்ள வரியை முதலில் மாற்றினோம். அதில் 220 எழுத்துகள் வரை எழுதலாம். "ரப்பர் காம்பவுண்ட் பரிசோதனை, ரியோமீட்டர், ஹார்ட்னெஸ், டென்சைல், ஏஜிங், 6 ஆண்டுகள்" என்ற பொருள் வரும்படி எழுதினோம். இடைவெளியை மறைக்க வேண்டாம் என்றும் முடிவு செய்தோம். 2022-லிருந்து வேலை இடைவெளி என்று தனியாகவே பதிவு செய்ய அந்தத் தளத்தில் இடம் இருக்கிறது. குழந்தை வளர்ப்பு என்ற காரணமும் பட்டியலில் உண்டு. அதைப் போட்டார். இரண்டு மாற்றங்களும் சரியானவைதான். இன்று செய்தாலும் அப்படியேதான் செய்வேன்.

அடுத்து நான் சொன்னதுதான் தவறு. இணைப்புகள் 500-ஐத் தாண்டினால் எண்ணுக்குப் பதில் "500+" என்று காட்டும்; அதைப் பார்த்தால் ஆள் தெரிந்தவர் என்ற எண்ணம் வரும்; அதனால் தினமும் பத்துப் பேருக்காவது இணைப்பில் சேர அழைப்பு அனுப்புங்கள் என்றேன். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர் அவர். லேபில் அப்படித்தானே பழக்கம். நாலே வாரத்தில் சுமார் 240 அழைப்புகள் போயின. சிலவற்றில் ஒரு குறிப்பும் இருந்தது: "வணக்கம் சார், எனக்கு 6 ஆண்டு அனுபவம், உங்கள் கம்பெனியில் வேலை இருந்தால் தெரிவிக்கவும்."

31 பேர் ஏற்றுக்கொண்டார்கள். இரண்டு பேர் பதில் எழுதினார்கள். டிசம்பர் கடைசியில் அந்தத் தளம் ஒரு வாரத்துக்கு அழைப்பு அனுப்ப முடியாமல் தடுத்துவிட்டது. ஏற்கப்படாத அழைப்புகள் குவிந்தால் இப்படி நடக்கும்.

இதில் வெட்கப்பட வேண்டியவள் நான்தான். வேலையில் இருந்த காலத்தில் இதே வாசகத்தோடு எத்தனை அழைப்புகள் வந்திருக்கின்றன! ஒன்றைக்கூட நான் திறந்து படித்ததில்லை. எனக்கு வந்தபோது ஒதுக்கியதையே அவரை அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

உள்பெட்டிக்கு வந்தவை

புரொஃபைலுக்கு ஒரு படம் வேண்டும் என்று சொல்லியிருந்தேன். சுடிதாரில், வீட்டு மொட்டை மாடியில், வெளிச்சம் பார்த்து அவரே எடுத்த படம். போட்ட முதல் மாதத்தில் வேலைக்குச் சம்பந்தமே இல்லாத ஆண்களிடமிருந்து 11 செய்திகள். "ஹாய் மேடம்" என்று தொடங்கி, அடுத்த நாள் "சாப்டாச்சா" வரைக்கும் வந்தன. ஒன்றை அவருடைய கணவர் பார்த்துவிட்டார். "இது என்ன, ஃபேஸ்புக் மாதிரியா?" என்று என்னிடமே போனில் கேட்டார். கோபமாக இல்லை, ஆனால் பதில் எதிர்பார்த்த குரல். வேலை, தொழில் தொடர்புக்காக 2003-ல் தொடங்கிய தளம், 2016-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது என்று ஏதோ சொன்னேன். அவர் கேட்டது அதுவல்ல என்று எனக்கும் தெரியும்.

கணக்கையே மூடிவிடலாம் என்ற பேச்சு வீட்டில் வந்தது. மூடாமல் மூன்று மாற்றங்கள் செய்தோம். புரொஃபைல் படத்தை யார் பார்க்கலாம் என்று தேர்ந்தெடுக்கும் வசதி அமைப்புகளில் இருக்கிறது; ஏற்கெனவே இணைந்தவர்கள் மட்டும் என்று வைத்தோம். ரெஸ்யூமைக் கைப்பேசி எண்ணோடு பொதுவில் ஏற்றியிருந்தார், அதை எடுத்தோம். வேலை பற்றி இல்லாத செய்தி வந்தால் பதில் எழுதாமல் பிளாக் செய்வது என்று வைத்துக்கொண்டோம். மரியாதைக்கு "நன்றி சார்" என்று ஒரு வார்த்தை போட்டதுதான் பலரை மறுபடி எழுத வைத்திருந்தது.

ஜனவரியில் இன்னொன்று. ஆள் எடுக்கிறவர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர், கோயம்புத்தூர்ப் பக்கம் பெரிய டயர் கம்பெனியில் லேப் வேலை, மாதம் 42,000 என்று வாட்ஸ்அப்பில் ஆஃபர் லெட்டரே அனுப்பிவிட்டார். மெடிக்கல் செலவுக்கும் ஐடி கார்டுக்கும் 3,500 ரூபாய் அனுப்பச் சொன்னார். கணவருக்குச் சந்தேகம் வருமுன் இவருக்கே வந்துவிட்டது. வந்த விதத்தைக் கவனியுங்கள்: "லேப் வேலைங்கறாரு, என்ன மெஷின் தெரியும்னு ஒரு கேள்வி கேக்கல அக்கா." பணம் போகவில்லை. அந்தக் கணக்கைத் தளத்தில் புகார் செய்தார். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்திருக்க வேண்டும்.

வழியை மாற்றியது ஏன்

பொங்கல் கழிந்த பிறகு, ஏற்றுக்கொண்ட 31 பேரின் பட்டியலையும் எடுத்து வைத்து உட்கார்ந்தோம். நான்கு பேர்தான் ரப்பரோடு சம்பந்தப்பட்டவர்கள். பதில் எழுதிய இருவரும் அந்த நாலு பேரில் அடக்கம். இதைப் பார்க்க ஒரு காபி குடிக்கிற நேரம் போதுமாக இருந்தது. நான் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டேன்.

எச்.ஆர். படிப்பில் படித்த ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-ல் எழுதிய கட்டுரை. பாஸ்டன் பக்கத்தில் ஒரு புறநகரில், தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களிடம், தகவல் சொன்னவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார். அடிக்கடி பார்ப்பவர் என்றவர்கள் 17 சதவீதம் கூட இல்லை. எப்போதாவது பார்ப்பவர் என்றவர்கள் 55 சதவீதத்துக்கு மேல். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும், கொஞ்சம் தள்ளி இருப்பவருக்குத்தான் புதுச் செய்தி தெரியும் என்பது அவர் சொன்ன காரணம். லிங்க்ட்இன்னிலேயே 2 கோடிப் பேரை 5 ஆண்டுகள் வைத்துச் செய்த ஆய்வு 2022-ல் சயன்ஸ் இதழில் வந்தது. அதில் ஒரு திருத்தம் இருந்தது: ரொம்ப நெருக்கமும் உதவவில்லை, ரொம்ப தூரமும் உதவவில்லை, நடுத்தரமாகத் தள்ளி இருக்கிற தொடர்புதான் அதிகம் உதவியது. இவர் 240 பேருக்கு அனுப்பியது முழுக்க அந்த ரொம்ப தூரத்துக்கு.

சரி, ரப்பரில் அந்த நடுத்தர தூரத்து ஆட்கள் யார்? அவரே யோசித்துச் சொன்னார். காம்பவுண்டும் கெமிக்கலும் விற்கிற கம்பெனிகளின் டெக்னிக்கல் சர்வீஸ் ஆட்கள். பேட்ச்சில் ஏதாவது தகராறு என்றால் அவர்கள்தான் யூனிட்டுக்கு வருவார்கள். இன்றைக்கு மதுரைப் பக்கத்துக் கப்பலூர், நாளைக்கு ஓசூர், அடுத்த வாரம் புனே. எந்த லேபில் ஆள் இல்லை, எங்கே முதலாளி புலம்புகிறார் என்று அவர்களுக்குத் தெரியும்.

எனவே பிப்ரவரியில் இப்படி மாற்றினோம். பதில் வராமல் கிடந்த அழைப்புகளைத் திரும்பப் பெற்றார். (திரும்பப் பெற்றால் அதே ஆளுக்கு மூன்று வாரம் வரை மறுபடி அனுப்ப முடியாது, பரவாயில்லை என்று விட்டோம்.) வேலை கேட்பதை நிறுத்தினார். ரப்பர் பற்றி எழுதுகிற இருபது பேரைப் பின்தொடர்ந்தார். கல்லூரியின் லிங்க்ட்இன் பக்கத்தில் பழைய மாணவர்களைத் துறைவாரியாகப் பிரித்துப் பார்க்கலாம். அதில் ரப்பர், பெயின்ட், பிளாஸ்டிக் என்று இருந்த ஆறு சீனியர்களுக்கு மட்டும் எழுதினார். இலவசக் கணக்கில் குறிப்போடு அனுப்பும் அழைப்புக்கு மாத வரம்பு இருப்பதால் இரண்டு மாதமாகப் பிரித்து அனுப்பினார். ஒவ்வொரு குறிப்பிலும் ஒரே ஒரு தொழில் கேள்வி. ஆறில் நாலு பேர் பதில் எழுதினார்கள். ஒருவர், இந்திய ரப்பர் இன்ஸ்டிட்யூட் நடத்துகிற டிப்ளமோ தேர்வை எழுதும்படி சொன்னார். அதை அவர் குறித்து வைத்துக்கொண்டார்.

இரவு பையன் தூங்கியதும் இருபது நிமிடம். அதற்கு மேல் வேண்டாம் என்றது அவருடைய முடிவு.

ஏப்ரலில் ஒரு கேள்வி

புனேயில் காம்பவுண்ட் செய்கிற ஒரு கம்பெனியின் டெக்னிக்கல் மேலாளர் ஏப்ரல் மூன்றாம் வாரம் ஒரு கேள்வி போட்டிருந்தார். ஒரே ஈபிடிஎம் (ஒரு வகை செயற்கை ரப்பர்) காம்பவுண்ட், ஒரே எடை, ஒரே மெஷின். காலையில் எடுத்த சாம்பிள் ரியோமீட்டரில் ஒழுங்காக இருக்கிறது. மதியம் எடுத்தால் ஸ்கார்ச் நேரம் குறைந்துவிடுகிறது, அதாவது மோல்டில் ஓடி நிரம்பும் முன்பே ரப்பர் இறுகத் தொடங்கிவிடும். என்ன காரணம்? பலர் பதில் எழுதியிருந்தார்கள். ஆக்சிலரேட்டரை (இறுகுவதை வேகப்படுத்தும் கெமிக்கல்) மாற்றுங்கள், ரிடார்டர் (அதைத் தாமதப்படுத்துவது) கொஞ்சம் சேருங்கள், மெஷினைக் காலிபரேட் செய்யுங்கள் என்று.

இவர் அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதவில்லை. பதில் தெரியும், எழுதப் பயம். ஆங்கிலம் ஒரு பயம், பெரிய ஆட்கள் பேசுகிற இடத்தில் என்ன பேசுவது என்பது இன்னொரு பயம். மூன்றாவது பயம் நியாயமானது: பழைய கம்பெனி விஷயத்தை வெளியே சொல்லலாமா? ஃபார்முலா, அளவு, வாடிக்கையாளர் பெயர், பாகத்தின் எண் எதுவும் வரக் கூடாது; ஷெட்டில் ரப்பர் எங்கே வைக்கப்பட்டது என்பது யாருடைய ரகசியமும் இல்லை என்று முடிவு செய்தோம்.

பையனின் கோடு போட்ட நோட்டில் முதலில் தமிழில் எழுதினார். பிறகு அவரே ஆங்கிலத்தில் மாற்றினார். நான் இரண்டு வாக்கியங்களை வெட்டியதோடு சரி. அதன் சாரம் இது:

"மிக்சிங் முடிந்து ஷீட் வந்ததும் எங்கே அடுக்குகிறீர்கள்? எங்கள் ஷெட்டில் கோடையில் இதே பிரச்சினை வந்தது. சூடு ஆறுவதற்குள் பலகை மேல் ஷீட்டை அடுக்கிவிடுவார்கள். மேலே தொட்டால் ஆறியிருக்கும். அடுக்கின் நடுவில் கைவிட்டால் மதியம் வரைக்கும் சுடும். மேல் ஷீட்டிலும் நடு ஷீட்டிலும் தனித்தனியாக சாம்பிள் எடுத்து ரியோமீட்டரில் வைத்துப் பாருங்கள். எங்களுக்கு நடு ஷீட்டில்தான் ஸ்கார்ச் நேரம் குறைந்தது. கெமிக்கல் எதையும் மாற்றவில்லை. ஃபேன் போட்டு ஆறவைத்து, அடுக்கின் உயரத்தைக் குறைத்தோம்."

மறுநாள் காலை அந்த மேலாளரிடமிருந்து ஒரே வரி: "உங்கள் அடுக்கின் உயரம் எவ்வளவு இருந்தது?" இவர் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை அளந்து பார்த்துவிட்டு, இடுப்பு உயரம், மூன்றடி இருக்கும், அதை ஒன்றரை அடி ஆக்கினோம் என்று எழுதினார். நாலாம் நாள் அந்த மேலாளர் இரண்டு வளைகோடுகளையும் ஒரே படத்தில் போட்டு, நடு ஷீட்தான் காரணம் என்று இவர் பெயரைக் குறிப்பிட்டு எழுதினார். அந்த ஒரு வாரத்தில் 40-க்கு மேல் அழைப்புகள் இவருக்கு வந்தன. பெரும்பாலும் ரப்பர்க்காரர்கள்.

உடனே வேலை கேட்கலாமா என்று நான் அவசரப்பட்டேன். "இப்பத்தானேக்கா சமமா பேசிட்டு இருக்கோம், கொஞ்சம் இருங்க" என்றார். அவர் சொன்னதுதான் சரி.

பிறகு நடந்தவை

மே, ஜூன் இரண்டு மாதமும் அந்த மேலாளருடன் நாலைந்து முறை எழுத்துப் பேச்சு நடந்தது, எல்லாம் வேலை சம்பந்தமாகவே. ஜூன் கடைசியில் அவரே கேட்டார்: நீங்கள் இப்போது எங்கே வேலை செய்கிறீர்கள்? இவர் இடைவெளியைச் சொன்னார். அதற்கு மேலாளர்: "மதுரையில் எங்களிடம் காம்பவுண்ட் வாங்குகிற ஒரு யூனிட் இருக்கிறது. லேபில் ஆள் நிற்காமல் தவிக்கிறார்கள். உங்கள் எண்ணைக் கொடுக்கட்டுமா?"

அந்த யூனிட் கப்பலூரில் இருந்தது. இவர் வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். அந்த முதலாளிக்கு லிங்க்ட்இன் கணக்கு கிடையாது.

ஜூலையில் நேரில் போனார். இரண்டு வளைகோடுகளைக் கையில் கொடுத்து, எந்தப் பேட்ச்சை அனுப்புவாய் என்று கேட்டார்களாம். பதில் சொன்னார். ஆனால் முதலாளி அதோடு விடவில்லை. இவருடைய பழைய லேப் இன்சார்ஜுக்குப் போன் போட்டார். தொழிலில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியுமே. நாலரை வருஷமாக இவர் பேசாமல் தவிர்த்து வந்த ஆள் அவர். ரிஜிஸ்டரை ஒப்படைக்காமல் போன குற்ற உணர்ச்சி. அவர் சொன்னதைப் பின்னால் முதலாளியே இவரிடம் சொன்னார்: "அந்தப் பொண்ணு போன பிறகு பழைய ரிப்போர்ட்டைத் தேடியே நாங்க செத்தோம். ஆனா அது பாஸ் போட்டா பேட்ச் பாஸ். எடுத்துக்கங்க."

2024 ஆகஸ்டில் சேர்ந்தார். முதல் ஆறு மாதம் ஒப்பந்தம், 18,000 ரூபாய். அதன் பிறகு நிரந்தரம், 21,500. 2020-ல் விட்டபோது வாங்கியது 19,000. இதை வெற்றி என்று எழுதுவதற்குமுன் அந்தக் கணக்கையும் பக்கத்தில் வைக்க வேண்டும். வேலை நேரத்தை மாலை நாலரைக்கு முடித்துக்கொள்ளச் சம்மதம் வாங்கினார்; சம்பளத்தைவிட அதற்குத்தான் அதிகம் பேரம் பேசினாராம்.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

முதல் வாரமே பழைய இன்சார்ஜுக்குப் போன் செய்ய வைத்திருக்க வேண்டும். வேலை கேட்க வேண்டாம். "ரிஜிஸ்டரை அப்படியே விட்டுவிட்டு வந்தேன், தப்புதான் சார்" என்று சொல்ல. அதைச் சொல்லியிருந்தால் ஒன்பது மாதம் இரண்டு மாதமாகி இருக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கடைசியில் வாசலைத் திறந்த சொல் அவருடையது. அவர் நம் பட்டியலிலேயே இல்லை.

500+ என்ற பேச்சை இப்போது யாரிடமும் எடுப்பதில்லை. அந்த 240 அழைப்புகளில் ரப்பர்க்காரர்கள் சிலர் இருந்திருப்பார்கள். ஒரு நல்ல கேள்வியோடு போயிருக்க வேண்டிய அழைப்பு, பொத்தாம்பொதுவாகப் போய் வீணாயிற்று.

பெண்களிடம் படம் போடச் சொல்லும் முன், யார் பார்க்கலாம் என்ற அமைப்பை முதலில் மாற்றச் சொல்கிறேன். வீட்டில் கேள்வி வரும் என்றால் வீட்டாரையும் முதல் நாளே பக்கத்தில் உட்கார வைக்கிறேன். இந்தக் கணவர் பின்னால் இவருடைய ஆங்கில வாக்கியங்களைச் சரிபார்க்கிற ஆளாகவே ஆகிவிட்டார். அதை நான் தொடக்கத்திலேயே கேட்டிருக்கலாம்.

ஒரு விஷயம் இன்னும் சரியாகவில்லை. நிரந்தரமான பிறகு அவர் லிங்க்ட்இன் பக்கம் போவது நின்றுவிட்டது. போன மாதம் பார்த்தபோது கேட்டேன். கடைசியாக உள்ளே போய் ஒன்றரை மாதம் ஆயிற்றாம். தூத்துக்குடியில் படிக்கிற ஒரு கல்லூரிப் பெண், ரியோமீட்டர் பற்றிச் சந்தேகம் கேட்டு எழுதியிருந்தது அதற்குள் கிடக்கிறது. "பதில் நீளமா எழுதணும்க்கா, ஞாயித்துக்கிழமை எழுதுறேன்" என்றார்.